பாலத்துக்கும் நாடி உண்டு

2007-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 1-ந் தேதி மாலை நேரம். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தின் வழியாக மிஸிஸிப்பி நதி ஓடுகிறது. அந்த நதியின் குறுக்கே கட்டியிருந்த பெரிய பாலத்தின் மீது மோட்டார் வண்டிகள் எறும்புச் சாரி போல் நகர்ந்துகொண்டிருந்தன. அலுவலகம் விட்டு ஜனங்கள் வீடு திரும்பும் வேளை. மணி ஆறு அடித்துச் சில நிமிஷங்கள் ஆயின. திடீரென்று பாலம் முறிந்தது. வண்டிகளும், வண்டிகளில் இருந்தவர்களும் பாலத்தோடு கீழே போனார்கள். 13 பேர் மாண்டார்கள். 145 பேர் காயமடைந்தார்கள்.

கேட்பாரற்றுக் கிடந்த பாலமா அது என்றால், இல்லை. வருஷந்தோறும் அதிகாரிகள் வந்து பரிசோதித்துக் குறிப்பெழுதிப் போன பாலந்தான். பின்னர் நடந்த விசாரணையிலே உண்மை வெளியாயிற்று. அது எஃகுச் சட்டங்களால் ஆன பாலம். அந்தச் சட்டங்களை ஒன்றோடொன்று பிணைத்த தகடுகளில் சில, இருக்க வேண்டிய கனத்தில் ஏறக்குறையப் பாதிதான் இருந்தன. 1960-களில் கணக்குப் போட்ட காலத்திலேயே நேர்ந்துவிட்ட பிழை! போதாக்குறைக்கு, மேலே தளம் போட்டுப் போட்டுப் பாலத்தின் எடை நாளடைவில் ஏறியிருந்தது. விபத்து நடந்த அன்று பழுதுபார்க்கும் வேலைக்காக ஜல்லியையும் மணலையும் யந்திரங்களையும் அதே இடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பரிசோதிக்க வந்தவர்களின் கண்ணுக்குத் தகடு தெரிந்தது. அந்தத் தகடு எவ்வளவு பாரத்தைத் தாங்கித் தவிக்கிறது என்பது தெரியவில்லை. அதைப் பார்க்கக் கண்ணால் முடியாது.

பழைய பாலம் இருந்த இடத்தில் புதிதாக ஒரு கான்கிரீட் பாலம் கட்டி, 2008-ம் வருஷம் செப்டம்பர் 18-ந் தேதி திறந்தார்கள். கட்டும்போதே அதற்குள் முந்நூறுக்கு மேற்பட்ட அளவுக் கருவிகளைப் பதித்தார்கள். அவற்றில் சில, தலைமயிரை விடச் சற்றே பருமனான கண்ணாடி இழைகள். ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள பாலத்துக்குள் ஒரு கண்ணாடி இழைக்கு என்ன வேலை? அந்த வேலையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

திரிபு என்னும் கணக்கு

கயிற்றுக் கட்டிலில் ஆள் உட்கார்ந்தால் கயிறு தொய்கிறது. இதைக் காண விஞ்ஞானம் படித்திருக்க வேண்டியதில்லை. கருங்கல் தூணின் மேல் பாரம் ஏற்றினால் அதுவும் அமுங்கத்தான் செய்கிறது. ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத அளவு. பாரத்துக்கு வளைந்து கொடுக்காத பொருள் உலகத்தில் இல்லை. ஒரு பொருளின் நீளத்தில் எத்தனையில் ஒரு பங்கு கூடிற்று அல்லது குறைந்தது என்பதற்குத்தான் 'திரிபு' என்று பெயர். ஒரு மீட்டர் நீளமுள்ள தூண் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறுகினால், அதன் திரிபு பத்து லட்சத்தில் ஒன்று. இதை இஞ்சினியர்கள் 'மைக்ரோ ஸ்ட்ரெயின்' என்பார்கள். நாம் 'நுண்திரிபு' என்று வைத்துக்கொள்வோம்.

இவ்வளவு சிறிய கணக்கு எதற்கு என்று நேயர்கள் நினைக்கலாம். கான்கிரீட்டின் குணம் அப்படிப்பட்டது. அதை அமுக்கினால் சுமார் 3,000 நுண்திரிபு வரையில் பொறுத்துக்கொள்ளும். இழுத்தாலோ, 100 நுண்திரிபு, சற்று மிஞ்சினால் 150. அவ்வளவுதான், விரிசல் கண்டுவிடும். அதாவது ஒரு மீட்டர் நீளக் கான்கிரீட்டை ஒரு காகிதத்தின் கனமளவு இழுத்தால் போதும். அமுக்கத்துக்கு அசையாத பலசாலி, இழுப்புக்கு இவ்வளவு நோஞ்சான்!

ஒரு உத்தரத்தின் மேல் பாரம் ஏறினால் அதன் மேற்புறம் அமுங்குகிறது, கீழ்ப்புறம் இழுபடுகிறது. ஆகையால் இழுபடும் பக்கத்தில் இரும்புக் கம்பியை வைத்துக் கட்டுகிறோம். இந்த உபாயத்தைக் கையாண்ட முன்னோடிகளில் ஒருவர் ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் இஞ்சினியர் அல்ல, தோட்டக்காரர். செடித் தொட்டிகள் உடையாமல் இருப்பதற்காகக் கம்பி வலை வைத்துச் சிமெண்டுத் தொட்டி செய்து, 1867-ம் வருஷம் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் நடந்த இந்தக் கல்யாணத்தில் ஒரு பொருத்தம் அபாரமாக அமைந்துவிட்டது. ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, பத்துப் பன்னிரண்டு நுண்திரிபு, நீளுகின்றன. ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் நீண்டிருந்தால், ஒவ்வொரு கோடையிலும் இரண்டுக்கும் சண்டை மூண்டு குடித்தனம் பிரிந்திருக்கும்.

உறைக்குள் இருக்கும் எஃகு

ஆனால் இந்தக் கல்யாணத்தில் ஒரு குறை உண்டு. கம்பி உள்ளே போன பிறகு அதை யாரும் பார்க்க முடியாது. வெளியே தெரியும் விரிசலும் முழுக் கதையைச் சொல்லாது. சாதாரணக் கான்கிரீட் கட்டடத்தில் மயிரிழை போன்ற விரிசல்கள் இருப்பது சகஜம். கால் மில்லிமீட்டரை ஒட்டிய விரிசலைப் பெரும்பாலும் விதிகளே அனுமதிக்கின்றன. விரிசல் இருக்கிறதா என்பதை விட, அது வளர்கிறதா, உள்ளேயிருக்கும் கம்பி எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பதே முக்கியமான கேள்வி.

இத்தாலி தேசத்தில் ஜெனோவா நகரத்தில் 1967-ம் வருஷம் ஒரு மேம்பாலம் திறந்தார்கள். அதை நிர்மாணித்தவர் ரிக்கார்டோ மொராந்தி என்ற புகழ் பெற்ற இஞ்சினியர். பாலத்தைத் தாங்கிய எஃகு வடங்களை அவர் கான்கிரீட்டால் மூடினார். கடற்காற்றிலிருந்து எஃகை அந்த உறை காப்பாற்றும் என்பது எண்ணம். 1979-ம் வருஷத்திலேயே, காற்றும் புகையும் பாலத்தை அரிக்கின்றன என்று மொராந்தியே எச்சரித்தார். 2018-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 14-ந் தேதி, கொட்டும் மழையில், அந்தப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 43 பேர் உயிரிழந்தார்கள். உறைக்குள்ளிருந்த எஃகைத் துரு தின்றிருந்தது. எஃகைக் காப்பாற்ற வைத்த உறையே அதன் நோயை மறைத்து வைத்திருந்தது.

உள்ளே இருப்பதை அறிய வேண்டும் என்ற ஆசை புதியதல்ல. இழுபட்ட கம்பியில் மின்சாரம் ஓடுவதற்கு உண்டாகும் தடை மாறும் என்பதைக் கெல்வின் பிரபு 1856-ம் வருஷத்திலேயே கண்டார். அதைக் கொண்டு 1938-ம் வருஷம் அமெரிக்காவில் இருவர், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒட்டிவைத்து அளக்கும் மின் அளவியைச் செய்தார்கள். வீணைத் தந்தி போல் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதன் சுருதி மாறுவதைக் கொண்டு திரிபை அளக்கும் கருவியும் 1930-களில் வந்தது. பல அணைகளில் அது நெடுங்காலம் உழைத்திருக்கிறது. ஆயினும் ஒவ்வோர் அளவிக்கும் தனித்தனிக் கம்பி இழுக்க வேண்டும். ஈரம் பட்டால் மின் அளவி பொய் சொல்லும். பக்கத்தில் மின்சார ரயில் ஓடினாலும், இடி விழுந்தாலும் அளவு குழம்பும். அதோடு ஓர் அளவி, தான் இருக்கும் இடத்தைத்தான் அறியும். விரிசலோ, அளவி இருக்கும் இடமாகப் பார்த்து விழுவதில்லை.

கண்ணாடிக்குள் ஓடும் ஒளி

இனிக் கண்ணாடி இழையிடம் வருவோம். வளைந்த கண்ணாடி இழைகளின் கட்டு வழியே ஒரு படத்தையே அனுப்பலாம் என்று 1954-ம் வருஷம் லண்டனில் செய்து காட்டிய இருவரில் ஒருவர் நம் பஞ்சாப் மாகாணத்து மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. மற்றவர் அவருடைய ஆசிரியர் ஹாப்கின்ஸ். கண்ணாடியைத் தக்கபடி சுத்தம் செய்தால் ஒளியின் மூலம் வெகுதூரம் செய்தி அனுப்பலாம் என்று 1966-ம் வருஷம் கணக்குப் போட்டுக் காட்டியவர் சார்லஸ் காவோ. அதற்காக 2009-ம் வருஷம் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் வீடுகளுக்கு வரும் தொலைபேசிப் பேச்சும் படமும் பெரும்பாலும் இத்தகைய இழைகளின் வழியேதான் ஓடி வருகின்றன.

செய்தி சுமக்கும் இந்த இழையை வேவு பார்க்கும் இழையாக மாற்றியது ஒரு தற்செயலான கண்டுபிடிப்பு. 1978-ம் வருஷம் கனடாவில் ஒட்டாவா நகரத்து ஆராய்ச்சிசாலையில் கென்னெத் ஹில்லும் அவருடைய தோழர்களும் ஓர் இழைக்குள் வலுவான லேசர் ஒளியைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். நேரம் ஆக ஆக, இழை ஒளியைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தது! ஒளியே கண்ணாடிக்குள் மிக நுண்ணிய வரிகளை எழுதிவிட்டது என்று கண்டார்கள். 1989-ம் வருஷம் அமெரிக்காவில், புற ஊதா ஒளியைக் கொண்டு இழையின் பக்கவாட்டிலிருந்து வேண்டிய இடத்தில், வேண்டிய இடைவெளியில் இவ்வரிகளைப் பொறிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட வரிகள்! 25-வது வயதிலேயே நோபல் பரிசு பெற்ற பிராக் என்ற விஞ்ஞானியின் பெயரால் இதற்குப் 'பிராக் வரி' என்று பெயர்.

இந்த வரிகள் ஒரு விசித்திரமான கண்ணாடி போல் வேலை செய்கின்றன. பல நிற ஒளியை உள்ளே அனுப்பினால், வரிகளின் இடைவெளிக்குப் பொருத்தமான ஒரே ஒரு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பி, மற்றவற்றை மேலே போக விடுகின்றன. இழை இழுபட்டால் வரிகளின் இடைவெளி அகலும். திரும்பி வரும் நிறம் மாறும். இழை அமுங்கினால் நிறம் மறுபக்கம் மாறும். எவ்வளவு மாறிற்று என்று பார்த்தால் திரிபு தெரிந்துவிடும். ஒரே இழையில் வெவ்வேறு இடைவெளியுள்ள வரிகளைப் பல இடங்களில் பொறித்தால், இடத்துக்கு ஒரு நிறமாகப் பதில் வரும். பாலத்துக்குள் மின்சாரம் போவதில்லை, ஒளிதான் போகிறது. ஆகையால் இடிக்கும் மின்சார ரயிலுக்கும் பயமில்லை. கனடாவில் கால்கரி நகரத்தில் 1993-ம் வருஷம் திறந்த பெடிங்டன் டிரெயில் பாலத்தில் இத்தகைய அளவிகளைப் பதித்துச் சோதித்தார்கள். கான்கிரீட்டுக்குள் இந்த வேவுக்காரர்கள் குடிபுகுந்தது ஏறத்தாழ அப்போதுதான்.

இதற்கும் ஒரு படி மேலே போனார்கள். வரி எதுவும் பொறிக்காத சாதாரண இழையிலும், ஒளி போகும் வழியெல்லாம் சிறிதளவு சிதறித் திரும்பி வருகிறது. வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணம் சொன்ன ராலே பிரபுவின் பெயரால் விளங்கும் சிதறல் ஒன்று. 1922-ம் வருஷம் பிரில்லுவான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கணித்துச் சொன்ன சிதறல் மற்றொன்று. இழை இழுபட்டால் இவை இரண்டுமே மாறுகின்றன. கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரு கிலோமீட்டர் தூரம் போய்த் திரும்ப, ஒரு விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். ஆகவே எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பிற்று என்று பார்த்தால், எந்த இடத்துச் சிதறல் என்பது தெரியும். இம்முறையில் இழை முழுவதுமே அளவியாகிறது. இழை போகும் வழியில் எங்கே குறுக்கே விரிசல் விழுந்தாலும் அது இழையைக் கடந்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் திரிபு குன்று போல் எழும்பிக் காட்டிக்கொடுத்துவிடும்.

சூரியனும் ராமனும்

இவ்வளவு நுட்பமான கருவிக்கு ஒரு சத்துரு உண்டு. அது சூரியன். ஒரு டிகிரி வெப்பம் ஏறினால், இழுபடாத பிராக் வரி கூட எட்டு ஒன்பது நுண்திரிபு நேர்ந்தது போலப் பாசாங்கு செய்யும். பாலமும் சும்மா இருப்பதில்லை. இருபது டிகிரி வெப்பம் ஏறினால் நூறு மீட்டர் நீளக் கான்கிரீட் பாலம் சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளும். வெயிலில் மேல் தளம் காய்ந்து, அடிப்புறம் குளிர்ந்திருந்தால், பாலம் மெல்ல முதுகை வளைக்கும். பெரிய பாலம் ஒன்றின் மேல் ஒரு லாரி கடந்து போகும்போது உத்தரத்தில் உண்டாகும் திரிபு பெரும்பாலும் சில பத்து நுண்திரிபுதான். பாலத்தின் கணக்கில் லாரியை விட வெயிலே பெரிய பாரம்! ஜுரம் வந்த உடம்பின் துடிப்பையும் ஓடிவந்த உடம்பின் துடிப்பையும் வைத்தியர் பிரித்தறிவது போல், வெப்பத்தால் வந்த மாறுதலைப் பாரத்தால் வந்த மாறுதலிலிருந்து பிரிக்க வேண்டும்.

இதற்கு ஒரு வழி, பாரம் தாக்காதபடி ஒரு குழாய்க்குள் தளர்வாக இன்னோர் இழையை வைத்து, வெப்பத்தை மட்டும் தனியே அளப்பது. மற்றொரு வழி, திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் சி. வி. ராமன் 1928-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 28-ந் தேதி கல்கத்தாவில் கண்ட ராமன் விளைவு. அந்தச் சிதறலில் நிறம் மாறிய இரண்டு கூறுகள் உண்டு. அவற்றின் விகிதம் வெப்பத்தைச் சொல்லும். இழை இழுபட்டதா என்பதை அது லட்சியம் செய்வதில்லை. இதை வைத்து, இழை நெடுகிலும் எந்த இடத்தில் எவ்வளவு வெப்பம் என்று அறியும் கருவிகள் 1980-களில் தோன்றின. அணைகளிலும் சுரங்கங்களிலும் அவை வேலை செய்து வருகின்றன. பாரத்தை அளக்கப் பிரில்லுவான், வெப்பத்தை அளக்க ராமன் என்று இருவரையும் ஒரே பாலத்தில் அமர்த்திக்கொள்ளலாம்.

கம்பி கட்டும் நாள்

சித்தாந்தம் எவ்வளவு அழகாயிருந்தாலும், இழை கடைசியில் கொத்தனார் கைக்குத்தான் வந்து சேருகிறது. வெறும் கண்ணாடி இழையின் மேல் ஜல்லியையும் சிமெண்டுக் குழம்பையும் கொட்டி, வைப்ரேட்டரை விட்டுக் குலுக்கினால் அது பிழைக்குமா? சிமெண்டின் காரமும் கண்ணாடிக்கு ஆகாது. ஆகையால் இழைக்கு உறை போடுகிறார்கள். உறை மிகவும் மெத்தென்று இருந்தாலோ, கான்கிரீட் இழுபடுவது இழைக்குத் தெரியாமலே போய்விடும். இழையைக் கம்பியோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். அல்லது கம்பியின் முதுகில் மெல்லிய பள்ளம் வெட்டி அதற்குள் பசை வைத்து ஒட்டுகிறார்கள். உள்ளே பத்திரமாகப் பிழைத்த இழை, கான்கிரீட்டை விட்டு வெளியே தலைகாட்டும் இடத்தில், சென்டரிங் பலகையைப் பிரிக்கும்போது ஒடிந்துபோவது உண்டு. அந்த ஓர் அங்குலத்தைக் காப்பாற்றத் தெரியாவிட்டால் மற்ற வேலை அத்தனையும் வீண்.

அந்த நாளைத் தவறவிட்டால் மறுபடி கிடைக்காது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். இழை, தன்னைப் பதித்த நேரத்திலிருந்து நடந்த மாறுதலை மட்டுமே சொல்லும். கான்கிரீட்டோ, பிறந்த நாள் முதலே மாறத் தொடங்குகிறது. இறுகும்போது சூடாகிறது, பிறகு ஆறுகிறது, ஈரம் உலர உலரப் பல வருஷம் சுருங்குகிறது, தாங்கும் பாரத்துக்கு இசைந்து மெல்ல மெல்லக் குறுகுகிறது. நாற்பது வயதான பாலத்தின் மேல் இழையை ஒட்டினால் நாற்பத்தொன்றாம் வருஷத்துக் கதை கிடைக்கும். அதற்கும் பயன் உண்டு. விரிசல் வளர்வதை அது கண்டுபிடிக்கும். ஆனால் கம்பியில் ஏற்கெனவே எவ்வளவு இழுப்பு ஏறியிருக்கிறது என்று அந்த இழையைக் கேட்டால் அது என்ன சொல்லும்? பிறந்த வேளை குறிக்காத குழந்தைக்கு ஜாதகம் எழுதச் சொல்வது போலத்தான்.

ஸ்விட்ஸர்லாந்தில் ஜினீவாவுக்கு அருகே வெர்ஸுவா என்ற இடத்தில் பழைய கான்கிரீட் பாலம் ஒன்றை 1990-களில் அகலப்படுத்தினார்கள். பழைய கான்கிரீட் சுருங்கி முடிந்த கிழம்; அதோடு ஒட்டிய புதிய கான்கிரீட் சுருங்கத் தொடங்கும் குழந்தை. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் புதியது பழையதை இழுத்து, பாலம் வளையும், முறுக்கிக்கொள்ளும். லோஸான் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உருவான நூற்றுக்கு மேற்பட்ட இழை அளவிகளை அதில் பதித்தார்கள். கான்கிரீட் ஊற்றிய நாள் முதல், புதியதும் பழையதும் எப்படி இசைந்துபோகின்றன என்று கணக்கு வைத்தார்கள்.

இழை எல்லா நோய்க்கும் மருந்து என்று நாம் சொல்லவில்லை. துருவை அது நேரே காணாது. துருவினால் பாரம் இடம் மாறும்போதுதான் உணரும். கருவியை வைத்துவிட்டு, வரும் எண்களைப் படிக்க ஆள் வைக்காவிட்டால் பயனில்லை. நாடி பார்த்த வைத்தியர் சொன்னதை வீட்டார் கேட்காவிட்டால் நாடி என்ன செய்யும்? ஜெனோவாவில் எச்சரித்தவர் பாலத்தைக் கட்டியவரே. அந்த எச்சரிக்கைக்கும் விபத்துக்கும் இடையே 39 வருஷங்கள் சென்றன.

ஆயினும் ஒன்று நிச்சயம். புதிய பாலத்துக்குக் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் ஒரு நாள் இருக்கிறது. அன்றைக்கு எஃகு முழுவதும் கண்ணெதிரே கிடக்கிறது. கையால் தொடலாம், இழையைச் சேர்த்துக் கட்டலாம். மறுநாள் காலை ஜல்லியும் சிமெண்டும் விழுந்த பிறகு, அந்த எஃகை யாரும் பார்க்கப் போவதில்லை. நம் ஊரில் பாலமோ பள்ளிக்கூடமோ எழும்பும்போது அடிக்கல் நாட்டு விழாவுக்குப் போகிறோம், திறப்பு விழாவுக்கும் போகிறோம். இடையிலுள்ள அந்த ஒரு நாளில் உள்ளே என்ன வைத்து மூடினார்கள் என்று ஒரு கேள்வி கேட்டு வைப்பது நல்லது. அந்தப் பாலத்தின் மேல் நடக்கப் போகிறவர்கள் நம் குழந்தைகள்.